மேடை வேண்டாம், பாய் போதும்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் உங்கள் ஊர்ச் சனசமூக நிலைய மண்டபத்தில், வாரம் ஒருமுறை சின்னப் பிள்ளைகளும் வீட்டுக்காரரும் கூடிப் பாடும் ஒரு நிகழ்வைத் தொடங்கப் போகிறீர்கள். கைக்குழந்தை முதல் ஐந்தாம் வகுப்பு வரை வருவார்கள். அவர்களில் காது கேளாத ஒரு பிள்ளை, ஓட்டிசம் உள்ள இருவர், சக்கரநாற்காலியில் வரும் ஒரு பிள்ளை இருக்கிறார்கள். என்ன பாட்டுப் பாடுவது, என்ன வாத்தியம் வாங்குவது, சினிமாப் பாட்டுப் போடலாமா, சங்கீத ரீச்சர் கட்டாயம் வேண்டுமா, வருட முடிவில் கலைவிழா வைக்கலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

பிள்ளைகளுக்குப் பாட்டுக் கட்டுவதும் அவர்களைப் பாட வைப்பதும் எனக்கு நெடுநாள் வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: வாத்தியம் வாங்கும் காசை மிச்சம் பிடியுங்கள், பாட்டைக் கட்டும் விதத்தில் நேரத்தைச் செலவழியுங்கள். ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் வேலையை நிகழ்வு நாளில் தொடங்கினால் பிந்திவிடும். பாட்டுக் கட்டும்போதே அந்தப் பிள்ளைக்கு அதற்குள் ஓர் இடம் இருக்க வேண்டும்.

முதலில் மண்டபம். எங்கள் ஊர்களில் பிள்ளைகள் பாட்டு என்றால் பிள்ளை மேடையில், அம்மா முன் வரிசையில் போனைப் பிடித்தபடி, அப்பா மோட்டார் சைக்கிளோடு வாசலில். சரியாகப் பாடாத பிள்ளை பின் வரிசைக்குப் போகும், அல்லது மரமாக நிற்கும். யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை. மேடை என்று ஒன்று இருந்தாலே அது ஆளைத் தரம் பிரித்துவிடும். ஆகவே மேடையை மூடி வையுங்கள், மைக்கை அலுமாரியிலேயே விடுங்கள். பாயை வட்டமாகப் போடுங்கள். எல்லோரும் பாயில் இருக்க, சக்கரநாற்காலிப் பிள்ளை மட்டும் உயரத்தில் தனியாகத் தெரியக் கூடாது. பாயில் இறங்கி இருக்க விருப்பமா என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள் (அம்மாவிடம் இல்லை, பிள்ளையிடம்). விருப்பமில்லை என்றால் அதன் இரண்டு பக்கமும் கதிரை போட்டு, முழங்கால் நோவோடு வரும் அம்மம்மாமாரை இருத்துங்கள். அவர்களுக்கும் எப்படியும் கதிரை வேண்டும்.

இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. கூத்தில் அதைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் எடுத்துக் கொடுக்க, பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவார்கள். திருவிழாவில் ஒருவர் குரல் எழுப்ப, வீதி முழுக்க ‘அரோகரா’ என்று திருப்பிச் சொல்லும். கும்மியில் ஒருத்தி முதலடியைச் சொன்னால் மற்றவர்கள் கைதட்டித் தொடர்வார்கள். ஒருவர் சொல்ல ஊர் வாங்குவதுதான் எங்கள் பாட்டின் பழைய உருவம். அதில் ‘அரோகரா’வைச் சுருதி பிசகிச் சொன்னாய் என்று இதுவரை யாரும் ஒரு பிள்ளையைத் திருத்தியதாக நான் கேள்விப்படவில்லை.

அதே உருவத்தில் நீங்களே ஒரு பாட்டுக் கட்டலாம். வாசற் கதவான படலையில் வந்தவரை வரவேற்க நான் வைத்திருக்கும் ஒன்றைத் தருகிறேன், எடுத்துப் பாவியுங்கள்:

ஆர் வந்தது, ஆர் வந்தது,
படலையடியில் ஆர் வந்தது?
______ வாங்கோ, ______ வாங்கோ,
எங்களோட இருங்கோ.

கோடு போட்ட இடத்தில் பெயர். ஆறு மாதக் குழந்தைக்கும் அம்மம்மாவுக்கும் அதே வரி பொருந்தும். ஒவ்வொருவர் பெயராக வட்டம் சுற்றி வரும். ஆகஸ்ட் அளவில் நல்லூர்த் திருவிழாவுக்கு பாரிசிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் வரும் பிள்ளைகள் தமிழில் தடுமாறினாலும் தங்கள் பெயர் பாட்டுக்குள் வருவதைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு விதி மட்டும்: பெயரைப் பாடியதும் நிறுத்த வேண்டும். அந்தப் பிள்ளை ஏதாவது ஒரு பதில் தரும் வரை, ஒரு பத்து விநாடி என்றாலும், அடுத்த வரிக்குப் போகக் கூடாது. பதில் என்பது பேச்சாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பார்வை, ஒரு சிணுக்கம், தகரப் பேணியில் ஒரு தட்டு, எதுவும் போதும். பேசாத பிள்ளையோடு பாடும்போது அந்தப் பத்து விநாடிதான் முழுப் பாட்டும். பெரியவர்களுக்கு அந்த இடைவெளி பயங்கர நீளமாகத் தெரியும், யாராவது ‘சொல்லு ராசா, சொல்லு’ என்று தள்ளத் தொடங்குவார்கள். தள்ள விடாதீர்கள்.

சினிமாப் பாட்டுக் கேள்விக்கான பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது. சினிமாப் பாட்டு என்பதற்காக நான் மறுப்பதில்லை. பிள்ளைகளுக்குப் பிடித்தது பிடித்ததுதான், வாயால் பாடினால் நல்லது. ஆனால் ஒலிப்பதிவு யாருக்காகவும் காத்திருக்காது. கரோக்கே ஓடத் தொடங்கினால், மெதுவாகப் பதில் சொல்லும் பிள்ளை முதல் அடியிலேயே விழுந்துவிடும். அதோடு பெரிய பாடகர்களின் குரலுக்காக அமைத்த மெட்டு, நாலு வயதுக் குரலுக்கு ஏறாது.

குரலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘என்ர பிள்ளைக்குச் சுருதி வராது’ என்று பெற்றோர் சொல்வதில் பெரும்பாலானவை பிள்ளையின் குறை இல்லை. நாலைந்து வயதுப் பிள்ளையின் குரல் சிரமமில்லாமல் நிற்கும் இடம் மிகச் சின்னது. நடு ஸ்தாயியில் 2 கட்டையிலிருந்து 6 கட்டை வரை என்று வைத்துக்கொள்ளுங்கள் (கட்டை என்பது சுருதியைக் குறிக்கும் எண்: 2 கட்டை என்றால் D, 6 கட்டை என்றால் A). 2 கட்டையை ஸ என்று பிடித்தால் ஸ-விலிருந்து ப வரை மட்டும். அம்மா தனக்கு வசதியாகக் கீழ் ஸ்தாயியின் 5 கட்டையில் ஸ வைத்துப் பாடும்போது, அந்த ஸ பிள்ளையின் குரலுக்குக் கீழே போய்விடுகிறது. பிள்ளை பேச்சுக் குரலில் முணுமுணுக்கும். உடனே அதற்குச் சுருதி இல்லை என்று முடிவு கட்டிவிடுவோம். அப்பாமார் இன்னும் கீழே பாடும்போதும் சின்னப் பிள்ளைகள் மெட்டைப் பிடிக்கக் கஷ்டப்படுவார்கள். அதற்காக அப்பாமாரை வாயை மூடச் சொல்லாதீர்கள். எடுத்துக் கொடுப்பதை ஓர் அக்காவோ சித்தியோ செய்யட்டும், அப்பாமார் வாங்கிப் பாடும் பக்கத்தில் சேரட்டும்.

மேலே சொன்ன பாட்டை நான் மோகன ராகத்தில் பாடுகிறேன். முதல் வரி ‘ஸரிகக ஸரிகக’, அடுத்தது பஞ்சமத்துக்கு ஏறி, கடைசி வரி ஸ-வில் வந்து இருக்கும். மோகனத்தில் ம-வும் நி-யும் இல்லாததால், அடுத்தடுத்த ஸ்வரங்கள் ஒன்றோடொன்று உரசுவதில்லை. இதில் இன்னொரு வசதியும் உண்டு. மண்டபத்தில் பழைய ஹார்மோனியம் இருந்தால் பாருங்கள்: 4½ கட்டையை (4-க்கும் 5-க்கும் இடையிலுள்ள கறுப்புக் கட்டையை) ஸ என்று வைத்துக்கொண்டு கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசித்தால் வருவது மோகனம்தான். அதாவது எந்தப் பிள்ளை எந்தக் கறுப்புக் கட்டையை அமுக்கினாலும் அது பாட்டோடு சேரும். விரல்களைத் தனித்தனியாக அசைக்க முடியாத பிள்ளை உள்ளங்கையால் மூன்று கட்டைகளைச் சேர்த்து அமுக்கினாலும் சேரும். துருத்தியை அம்மம்மா அமுக்கட்டும். அந்தச் சுருதியில் மட்டும் மெட்டு மேலே ஏறாமல் ஸ-வுக்குக் கீழே பஞ்சமம் வரை இறங்கி வருவதாகக் கட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சின்னவர்களுக்கு உயர்ந்துவிடும்.

வெவ்வேறு வயதை ஒரே பாட்டில் வைத்திருப்பது எப்படி என்பது அடுத்த சிக்கல். இதற்கு, தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாக வைத்துப் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் எனக்குப் பெரிய உதவி. அவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்தார்கள். ஐந்தாம் மாதம் தலையை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை, அதற்குப் பிறகு தாலாட்டுக் கேட்கும் தால், ஒன்பதாம் மாதமளவில் கைகொட்டும் சப்பாணி, நிலாவைக் கூப்பிடும் அம்புலி, பிறகு மணல்வீட்டுச் சிற்றில், பறை கொட்டும் சிறுபறை, தேர் உருட்டும் சிறுதேர். இன்றைக்கும் எங்கள் ஊர் அம்மாமார் குழந்தையை மடியில் வைத்து ஆட்டுவதும் கைகொட்ட வைப்பதும் இதே வரிசையில்தான். ஆனால் மாதக் கணக்கை விட்டுவிடுங்கள். ஏழு வயதில் சப்பாணிப் பருவத்தில் நிற்கும் பிள்ளை உண்டு, அது ஒரு குறையுமில்லை. ஒரு பாட்டுக்குள் பல பருவங்களும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தேவையான கணக்கு. படலைப் பாட்டில் கைக்குழந்தைக்கு அம்மாவின் மடியில் ஆட்டம் இருக்கிறது. கைகொட்டும் பிள்ளைக்குக் கைகொட்டு இருக்கிறது. கூப்பிடத் தெரிந்த பிள்ளை ‘வாங்கோ’ என்று கூப்பிடும், அடிக்கத் தெரிந்தது அடிக்கும், பத்து வயதுப் பிள்ளை அண்ணாவியாராகக் கேள்வி வரியை எடுக்கும். எல்லாமே அதே நாலு வரி. ‘இது சின்னப் பிள்ளைகள் பாட்டு’ என்று பெரிய பிள்ளை முகம் சுளித்தால், அதன் கையில் தலைமையைக் கொடுங்கள், சரியாகிவிடும்.

சிறுபறையை ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்கே வைத்தார்கள். பெண் குழந்தைக்கு அம்மானையும் நீராடலும் ஊசலும் கிடைத்தன. உங்கள் மண்டபத்தில் முதல் அடியைப் பெண்பிள்ளைகள் அடிக்கட்டும்.

பறை என்று வந்துவிட்டதால் சொல்லாமல் விட முடியாத ஒன்று. சிறுபறை கொட்டச் சொல்லி முருகனைப் பாடிய அதே சமூகம், பறையடிக்கும் மனிதரைப் படலைக்கு வெளியே நிறுத்தியது. யாழ்ப்பாணத்தில் எல்லோரையும் உள்ளடக்குவது பற்றிக் கதைக்கும்போது நாங்கள் மாற்றுத்திறனாளிகளைப் பற்றிச் சுலபமாகக் கதைப்போம், சாதியைப் பற்றிக் கதைக்க மாட்டோம். பறையோ உடுக்கோ அடிக்கத் தெரிந்த ஒருவர் உங்கள் பக்கத்தில் இருந்தால் அவரைக் கூப்பிடுங்கள். கூலிக்கு வந்து அடித்துவிட்டுப் போக அல்ல, பிள்ளைகளுக்குக் காட்டித்தர. அவருக்கும் அதே பாய், அதே தேத்தண்ணி, அதே கோப்பை. அதில் யாராவது வராமல் நின்றால் நிற்கட்டும். எல்லாக் குடும்பமும் வருவதற்காக ஒரு குடும்பத்தை வெளியே விடுவது கணக்கிலேயே பிழை.

சமயமும் இதே போல. சனசமூக நிலையத்தில் எதைத் தொடங்கினாலும் தேவாரத்தோடு தொடங்கும் வழக்கம் எங்களுக்கு. பாசையூரிலோ குருநகரிலோ இருந்து ஒரு கத்தோலிக்கக் குடும்பமும் சோனகத் தெருவிலிருந்து ஒரு முஸ்லிம் குடும்பமும் வந்தால் அந்த முதல் ஐந்து நிமிடத்தில் அவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசியுங்கள். தொடக்கத்தைப் படலைப் பாட்டுக்குக் கொடுங்கள். பக்திப் பாட்டுகளை ஒதுக்கவும் வேண்டாம்: ‘எங்கட வீட்டுப் பாட்டு’ என்று ஒரு முறை வைத்து, ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டில் பாடுவதைக் கொண்டுவரட்டும். தாலாட்டு எல்லா வீட்டிலும் இருக்கும், அதில் தொடங்கினால் சுலபம். நேரத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஞாயிறு காலை அறநெறி வகுப்பும் தேவாலயப் பூசையும் ரியூசனும் மோதும், வெள்ளி மத்தியானம் ஜும்மா. ஞாயிறு பின்னேரம் நாலு மணி பெரும்பாலும் எல்லோருக்கும் ஒத்துவரும். நாற்பது நிமிடம் போதும்.

வரிகளை எழுதும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று உடம்பைப் பற்றிய கட்டளை. பிள்ளைகள் பாட்டு என்றாலே ‘எழும்பு, துள்ளு, ஓடு, கண்ணைப் பார்’ என்றுதான் வருகிறது. துள்ள முடியாத பிள்ளை ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒருமுறை வெளியே போகிறது. நான் இப்படி மாற்றிக்கொள்வேன்:

ஏதோ ஒண்டு ஆடட்டும், ஆடட்டும்,
எது எண்டு நீ சொல்லு, ஆடட்டும்!

விரல் ஆடலாம், தலை ஆடலாம், புருவம் ஆடலாம், சக்கரநாற்காலி முன்னும் பின்னும் ஆடலாம். ஒரு பிள்ளை எதைச் சொன்னாலும் மற்ற எல்லோரும் அதையே செய்ய வேண்டும். புருவத்தை மட்டும் ஆட்டப் பார்க்கும் அப்பாமாரின் முகத்தைப் பார்க்கவே பிள்ளைகள் அடுத்த கிழமை வருவார்கள். பார்வையில்லாத பிள்ளை இருந்தால் ‘இப்பிடி, இப்பிடி’ என்று செய்து காட்டுவது வேலைக்காகாது, ‘வலது கையைத் தோளிலே தட்டு’ என்று வரியிலேயே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னால் எல்லோருக்குமே தெளிவு.

மற்றது வீட்டைப் பற்றிய வரிகள். ‘அப்பா கடைக்குப் போவார், அம்மா சோறு தருவா’ என்று எழுதுவது கைப்பழக்கம். ஆனால் எங்கள் ஊரில் அப்பா யுத்தத்தில் போன வீடு இருக்கிறது, காணாமல் ஆக்கப்பட்டு இன்னமும் தேடிக்கொண்டிருக்கும் வீடு இருக்கிறது, அப்பா கட்டாரிலும் அம்மா சவூதியிலும் நிற்க அப்பம்மா வளர்க்கும் பிள்ளை இருக்கிறது. வரியில் அப்பாவை எழுதாமல் கோடு போட்டு விடுங்கள்: ‘ஆர் உனக்குச் சோறு தந்தது?’ பிள்ளை தனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லும். ‘நானே போட்டுச் சாப்பிட்டனான்’ என்று வந்தாலும் அதையும் மெட்டில் பாடுங்கள்.

சந்தோசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு, வரிக்கு ஒரு புத்திமதி வைக்காமல் விடமாட்டார்கள். அதிகாலையில் எழும்பு, பல் விளக்கு, பெரியோரை வணங்கு. 1953-இல் மறைந்த நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ஆடி மாத முதல் நாளான ஆடிப்பிறப்புக்குப் பாட்டு எழுதியபோது பள்ளிக்கூட விடுதலையையும் கூழையும் கொழுக்கட்டையையும் வைத்தார், தோழர்களே என்று கூட்டமாகக் கூப்பிட்டார். இன்றைக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அதைப் பாடுகிறார்கள். பிள்ளைக்கு எது கொண்டாட்டம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள். பாண் விற்கும் ஓட்டோவின் மெட்டுக் கேட்டதும் வாசலுக்கு ஓடுவது, தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றி அதில் கட்டிய விண்ணை (காற்றில் ஒலிக்கும் நாரை) கூவ விடுவது, மழைக்குப் பள்ளிக்கூடம் விடுவது, மாமா விழுந்து எழும்பியது எல்லாம் பாட்டுத்தான். விண் கூவுகிற ‘ங்ங்’ என்ற நீண்ட சத்தம் பேசாத பிள்ளைக்கும் வரும், சுருதி போல அடியில் பிடித்துக்கொள்ள நல்லது. ‘தானானே தன்னன்னா’வும் ‘தகதிமி’யும் அப்படித்தான்: பொருள் இல்லாததால் யாரும் பிழையாகச் சொல்ல முடியாது. திக்கிப் பேசும் பிள்ளைகள் பலர் கூட்டாகப் பாடும்போது திக்குவதில்லை என்பதையும் கவனிப்பீர்கள். அதைக் கண்டு ‘பாரன், இப்ப வடிவாக் கதைக்கிறான்’ என்று சத்தமாகப் பாராட்டிவிடாதீர்கள், அடுத்த வரியில் வாயை மூடிவிடுவான்.

காது கேளாத பிள்ளையைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். காது கேளாமை என்பதில் பல அளவு உண்டு. பெரும்பாலானவர்களுக்கு ஏதோ ஒரு சத்தம் கேட்கும், அதிர்வு எல்லோருக்கும் உடம்பில் தெரியும். சீமெந்துத் தரையில் அதிர்வு அவ்வளவாகத் தெரியாது, மரத்தில் நன்றாகத் தெரியும். ஒரு நல்ல மர வாங்கை (பெஞ்சை) கொண்டுவந்து அதன் ஒரு முனையில் தவிலையோ மத்தளத்தையோ வைத்து அடியுங்கள், பிள்ளை மற்ற முனையில் இருக்கட்டும் அல்லது கையை வைக்கட்டும். ஊதிய பலூனை மார்போடு அணைத்துப் பிடித்தாலும் அடி நன்றாகத் தெரியும். இணுவிலும் அளவெட்டியும் தவிலுக்குப் பேர் போன ஊர்கள், ஒரு தவில்காரரை ஒரு பின்னேரம் கேட்டுப்பாருங்கள். ஆனால் மண்டபத்துக்குள் தவில் அடிக்கும்போது மற்றப் பிள்ளைகளின் காதையும் பார்க்க வேண்டும். பாட்டுக் கேட்கும் கருவிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்குச் சொல்லும் எல்லை 75 டெசிபல், வாரம் 40 மணிநேரம். சத்தம் 3 டெசிபல் கூடினால் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். காதுக்குள் கொக்லியர் கருவி பொருத்திய பிள்ளைகளுக்குத் தாளம் நன்றாகப் பிடிபடும், மெட்டு அவ்வளவு தெளிவாகக் கேட்காது. ஆகவே அவர்களைத் தாளப் பக்கத்தில் முன்னுக்கு இருத்துங்கள். எல்லாவற்றுக்கும் மேல், வரிகளைச் சைகையோடு பாடுங்கள். ‘வாங்கோ’, ‘இருங்கோ’, ‘ஆர்’ என்பவற்றுக்கான சைகையைக் கையால் கற்பனை செய்யாமல், பிள்ளையின் வீட்டாரிடமோ காது கேளாத பிள்ளைகள் படிக்கும் கைதடி நவீல்ட் பாடசாலை ஆசிரியர்களிடமோ கேட்டுப் பழகுங்கள். பெயர்ச் சைகையைப் பிள்ளையே தரும். கைக்குழந்தைகளின் அம்மாமார் இதை எல்லோருக்கும் முன்னம் பழகிவிடுவதைப் பார்ப்பீர்கள், ஏனென்றால் பேச்சு வர முன்னம் குழந்தைக்கு வருவது கைதான்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அடுத்தது என்ன வரும் என்று தெரிந்திருப்பதே பெரிய நிம்மதி. தொடக்கப் பாட்டும் முடிவுப் பாட்டும் எந்தக் கிழமையும் மாறக் கூடாது. நடுவில் வருவதைப் படமாகக் கீறி ஒரு கயிற்றில் வரிசையாகக் கொளுவுங்கள், முடிந்த பாட்டின் படத்தைக் கழற்றிவிடலாம். எந்தச் சத்தம் அந்தப் பிள்ளைக்கு நோகும் என்று வீட்டாரிடம் முதலே கேளுங்கள். சிலருக்குக் கைதட்டல், சிலருக்குச் சில்லென்ற தாளம். கைதட்டலுக்குப் பதிலாக இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டலாம், காது கேளாதோர் பாராட்டும் முறை அதுதான், ஒரே வேலையில் இரண்டு பிள்ளைகளுக்கு உதவும். மண்டபத்தின் ஒரு மூலையில் பாயும் தலையணையும் போட்டு விடுங்கள், போகவும் வரவும் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. வட்டத்தைச் சுற்றி ஓடும் பிள்ளை பாட்டுக்கு வெளியே இல்லை. கதவடியில் ஓர் ஆள் நின்றால் போதும். அந்தப் பிள்ளை தனக்குள் ஏதாவது முணுமுணுத்தால், அதையே எடுத்து எல்லோரும் பாடுங்கள். தன் சத்தம் ஊரின் பாட்டாவதைக் கேட்டு நின்று திரும்பிப் பார்க்காத பிள்ளை குறைவு.

வாத்தியத்துக்குப் பனையோலைக் கிலுகிலுப்பை, சிரட்டை இரண்டு, பால்மாப் பேணி, கவிழ்த்த வாளி, வீட்டிலிருக்கும் கைத்தாளம். பிடிக்கக் கை வராத பிள்ளைக்குச் சலங்கையை இலாஸ்டிக்கில் தைத்து மணிக்கட்டிலோ காலிலோ கட்டுங்கள். போத்தலுக்குள் புளியங்கொட்டை போட்டால் மூடியை ஒட்டிவிடுங்கள். குன்றிமணி மட்டும் வேண்டவே வேண்டாம், பார்க்க வடிவென்றாலும் கடித்து விழுங்கினால் கொடிய நஞ்சு. ஊதி விளையாடும் அம்மம்மா குழலைத் திருவிழாவோடு விட்டுவிடுங்கள். எனக்குப் பிடித்த சாமான்தான், ஆனால் மூடிய மண்டபத்தில் அது ஒன்று போதும் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்ப.

சங்கீத ரீச்சர் வந்தால் நல்லது, வராவிட்டாலும் தொடங்கலாம். 1931-இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் எத்தனையோ பேரைப் பாடகர்களாக்கின, அந்தப் பாதை தேவை. ஆனால் அது வேறு வேலை. அவர் ஞாயிறு பின்னேரம் பிள்ளைகளைத் திருத்தத் தொடங்கினால், அம்மாமார் கொப்பி எடுத்துக் குறிக்கத் தொடங்குவார்கள், ஒரு மாதத்தில் அது இன்னொரு ரியூசனாகிவிடும். நல்ல ரீச்சர் ஒருவரைப் பிடித்தால் சுருதியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மட்டும் கொடுங்கள்: எந்தக் கட்டையில் எடுப்பது, எங்கே மெட்டு உயர்கிறது என்று. எங்கள் ஊரில் 70களின் கடைசியில் நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் போன்றவர்கள் சிறுவர் நாடகத்தில் பாட்டையும் ஆட்டத்தையும் விளையாட்டோடு சேர்த்தார்கள். அந்த வழியில் வந்த நாடக ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் ரீச்சரைவிட அவர் இந்த வேலைக்குப் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

முதல் மாதம் நாலு பாட்டுக்கு மேல் வேண்டாம். உங்களுக்குத்தான் அலுக்கும், பிள்ளைகளுக்கு அலுக்காது. படம் எடுத்து முகநூலில் போடும் ஆசை வரும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் படம்தான் அதிகம் பகிரப்படும், இரக்கப் பின்னூட்டங்களோடு. வட்டத்துக்குள் போன் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அப்போது அப்பாமாரின் கையும் சும்மா இருக்கும், சிரட்டையைக் கொடுக்கலாம்.

கலைவிழா வைக்கலாம், ஊருக்குச் சொல்லாமல் இருக்க முடியாதுதான். வைத்தால் முற்றத்தில் வைத்து, கூத்துக் களரி போலச் சுற்றிவரச் சனத்தை இருத்துங்கள். முதல் பாட்டிலேயே வந்தவர்களின் பெயரைக் கூப்பிட்டு அவர்களையும் வேலைக்குள் இழுத்துவிடுங்கள். முதலாம் இரண்டாம் பரிசு வேண்டாம். பிரதம விருந்தினர் கட்டாயம் என்று நிர்வாகம் நின்றால் கூப்பிடுங்கள், அவருக்கும் ஒரு பேணியைக் கொடுத்துப் பாயில் இருத்துங்கள். உரை மட்டும் வேண்டாம்.